வெலிங்டனில் பழகிய நடை

மணலூர்பேட்டையில் தென்பெண்ணைப் பாலத்தின் மேல் விடியற்காலையில் நடக்கிறவர்களில் ஒருவரை மட்டும் இருட்டிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். முகம் தெரியாது. நடை தெரியும். குதிகால் முதலில் தரையில் பதியும். கை தோள்மட்டம் வரை எழாவிட்டாலும் எழ வேண்டும் என்ற நினைவு அந்தக் கையில் இருக்கும். எண்பது வயதை நெருங்குகிறவர். முழங்கால் தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் பாலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே அளவான எட்டுகள்தாம். 1964 ஆம் ஆண்டு நீலகிரியில் அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட நடை அது. பிறகு எத்தனையோ அவரைவிட்டுப் போயின. நடை மட்டும் போகவில்லை.

ஊரில் அவருக்கு மிலிட்டரிக்காரர் என்று பெயர். சொந்தப் பெயரை நான் இங்கு எழுதவில்லை. எழுத வேண்டாம் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அவருடைய ஊரும் மணலூர்பேட்டை அன்று, அதை அடுத்த ஒரு சிற்றூர். அதன் பெயரையும் விட்டுவிடுகிறேன். சென்ற ஒன்றரை ஆண்டுகளில் பதினைந்து, இருபது முறை அவரோடு உட்கார்ந்து பேசியிருப்பேன். அந்தப் பேச்சும், பேச்சின் காரணமாக நான் தேடிப் படித்த சிலவும் சேர்ந்ததுதான் இக்கட்டுரை.

தமிழ்நாட்டின் இந்தப் பகுதி ஒருவகையில் பழைய படைநாடு. ஆற்றோடு கீழே இறங்கினால் வரும் திருக்கோவிலூர், சங்ககாலத்து மலையமான் திருமுடிக்காரியின் ஊர். வேந்தர் மூவரும் தத்தம் போருக்குக் காரியின் துணையை நாடினர் என்பதைப் புறநானூறு பெருமையாகவே பேசுகிறது. சேரனுக்காகக் கொல்லிமலை ஓரியைக் கொன்றவனும் அவன்தான். பிறர் போரை நம் ஆள் நடத்தும் வழக்கம் அவ்வளவு பழையது என்று ஒருமுறை நான் சொன்னபோது பெரியவர் சிரித்தார். வடமேற்கே செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972 இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுப்பாகவே அவற்றை வெளியிட்டது. ஆநிரை மீட்டுப் பட்டவன் பெயர், அவன் யாருடைய சேவகன், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று கல்லில் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு சாதாரண வீரனின் பெயர் ஆயிரத்து முந்நூறு, நானூறு ஆண்டுகள் நிற்பதென்பது உலகில் அதிகம் நடக்காத காரியம்.

பிற்காலத்தில் இந்த நிலம் கும்பெனிப் படைகளின் வழித்தடமாயிற்று. எங்களூருக்குத் தெற்கே இருக்கும் தியாகதுருகம் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறிச் சண்டையிட்டனர். 1767 செப்டம்பரில் முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையிலான கும்பெனிப் படை ஹைதர் அலியையும் நிஜாமையும் எதிர்த்து நின்றது. அந்தப் படையின் பெரும்பகுதி நம் ஆட்கள்தாம். அவர்களைச் சிப்பாய்கள் என்று மொத்தமாகச் சொல்வதோடு வரலாறு நின்றுவிட்டது. நடுகல் எழுதியவனுக்கு இருந்த கவனம் கும்பெனியின் கணக்கெழுத்தாளனுக்கு இல்லை.

மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் தொடக்கமாகக் கொண்டாடும் ஆண்டு 1758. பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்ட காலம். இன்றைய இந்திய இராணுவத்தின் காலாட்படைகளில் இதுவே மிகப் பழையது என்பார்கள். அதன் சின்னத்தில் இருக்கும் யானை 1803 ஆம் ஆண்டு அஸ்ஸாயே போரின் நினைவு. மராட்டியருக்கு எதிரான அந்தப் போரை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லிதான் பிற்பாடு வெலிங்டன் கோமகனாகி நெப்போலியனை வென்றார். குன்னூருக்குப் பக்கத்தில் ஜக்கதளா என்று படகர்கள் அழைத்த இடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்காரர்கள் பாசறை கட்டியபோது அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். மெட்ராஸ் சிப்பாய்களைக் கொண்டு பெயர் பெற்ற ஒரு பிரபுவின் பெயரில் அமைந்த ஊரில் இன்று மெட்ராஸ் சிப்பாய் உருவாக்கப்படுகிறான்.

இடையில் ஒரு நீண்ட இருட்டு உண்டு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு லாயக்கற்றவர் என்ற முடிவுக்கு வந்தார். பிறகு அவரே இந்தியாவின் தலைமைத் தளபதியானார். 1897 இல் வெளிவந்த தன் வரலாற்றிலும் இதை ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். நெடுங்காலம் போர் இல்லாமல் அமைதியில் கிடந்ததால் தென்னாட்டுச் சிப்பாய் மங்கிப்போனான் என்பது அவர் வாதம். போர் இல்லாததைப் போர் செய்யத் தெரியாததாக எடுத்துக்கொண்ட விநோதமான தர்க்கம்! ஆனால் அதிகாரம் உள்ளவனின் தர்க்கத்துக்கு விநோதம் ஒரு குறையில்லை. வீர இனங்கள் என்று ஒரு பட்டியல் உருவாயிற்று. தெற்கு அதில் இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் எஞ்சிய மெட்ராஸ் காலாட்படைகளும் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1928 க்குள் முழுநேரப் பிரிவு என்று எதுவும் மிஞ்சவில்லை. மெட்ராஸ் சேப்பர்ஸ் எனப்பட்ட பொறியாளர் படை மட்டும் பெங்களூரில் தொடர்ந்தது. பாலம் கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் வேண்டியிருந்ததே! அந்தப் படையிலும் பயோனியர் படைகளிலும் பறையர் சமூகத்தவர் பெருமளவில் இருந்தார்கள். படை கலைந்தபோது சம்பளத்தோடு வேறொன்றும் கலைந்தது. நிலம் இல்லாதவனுக்கு, நிலக்காரனை நம்பியிராத ஒரே வாழ்வு அதுவாகத்தான் இருந்தது. வடக்கே மஹார்களுக்கு நேர்ந்ததும் இதுதான். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், படைப் பள்ளியில் ஆசிரியர். அம்பேத்கர் பிறந்ததே மாஹூ கண்டோன்மெண்டில். அந்த மஹார்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது அவருடைய சிறுவயதில்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் லாயக்கற்றவர்கள் மறுபடி லாயக்கானார்கள். 1941, 42 இல் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. பயிற்சி மையம் கோவைக்கு அருகே மதுக்கரையில் தொடங்கி 1947 இல் வெலிங்டனுக்குப் போனது. இம்முறை தமிழர், மலையாளிகள், தெலுங்கர், கன்னடர் எனச் சாதி பிரிக்காத கலப்புப் படை. 1962 இல் சீனாவிடம் பட்ட அடிக்குப் பிறகு இராணுவம் வேகவேகமாகப் பெருகிற்று. ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி கல்வராயன் மலையடிவாரம் வரை வந்தது.

பெரியவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். தகப்பனார் ஒரு நிலக்காரரிடம் பண்ணையாள். 1964 இல் கடலூரில் ஆள் எடுத்தபோது, மாடு மேய்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனாராம். உயரம் போதும். மார்பு அரை அங்குலம் குறைந்தது. அளந்தவர் “மூச்ச இழுத்துப் புடிடா” என்றிருக்கிறார். “அன்னிக்கு இழுத்த மூச்சு தம்பி, பதினேழு வருசம் கழிச்சுத்தான் விட்டேன்” என்பார்.

திருக்கோவிலூரில் மீட்டர்கேஜ் ரயில் ஏறி விழுப்புரம், பிறகு இரண்டு ரயில் மாறி மேட்டுப்பாளையம், அங்கிருந்து பல்சக்கர மலைரயில். ஜூன் மாதம். வெலிங்டன் ஸ்டேஷனில் இறங்கும்போது மழை. உடம்பில் ஒரு சட்டை, வேட்டி. குளிர் என்பது காய்ச்சலில் வருவது மட்டுமே என்று அதுவரை நினைத்திருந்தவர். மலையின் மேல் கல்கட்டடங்கள், நடுவில் கண்ணுக்கெட்டிய மட்டும் சமதளமாக ஒரு மைதானம். மலையைச் சீவி இவ்வளவு பெரிய களத்துமேடு எதற்கு என்று யோசித்தாராம்.

முதலில் தலைமயிர். வரிசையாக உட்காரவைத்து மெஷின் போட்டார்கள். யார் எந்த ஊர், எந்தச் சாதி, குடுமியா கிராப்பா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் ஒரே தரைக்குப் போயிற்று. பிறகு சாமான்கள்: கம்பளி, கித்தான் பை, அலுமினியத் தட்டு, மக், ஊசி நூல் பொட்டணம், கறுப்புத் தகர டிரங்குப் பெட்டி. கடைசியில் பூட்ஸ். ஆணி அடித்த அடிப்பாகம், எருமைத்தோல் போலக் கனம். அவர் வாழ்நாளில் காலில் போட்ட முதல் செருப்பே அதுதான். ஒரு வாரத்தில் இரண்டு குதிகாலும் வெடித்து ரத்தம் கட்டியது. உஸ்தாத் (பயிற்சியாளரை அப்படித்தான் அழைக்க வேண்டும்) பார்த்துவிட்டு, பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வைத்து, ஈரத்தோடு போட்டு நட என்றார். தோல் காலின் வடிவத்துக்கு வந்தது. “காலும் தோலோட வடிவத்துக்கு வந்துது” என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

விடியுமுன் எழுப்பி ஓட்டம். பிறகு கயிறு ஏறுதல், டிரில், படிப்பு, மறுபடி டிரில். சாவ்தான், விஷ்ராம், தேஸ் சல், தஹினே முட், தம். பொருள் தெரிவதற்கு முன் உடம்புக்கு அவை தெரிந்துவிட்டன. தவறு செய்தால் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கியபடி மைதானத்தைச் சுற்ற வேண்டும், அல்லது தவளைபோல் தாவ வேண்டும். ஒருவன் செய்த தவறுக்கு ஒன்பது பேருக்கும் தண்டனை. இதுதான் அவரை முதலில் மிகவும் குழப்பியது. ஊரில் ஒருவன் செய்த தவறுக்குக் காலனி முழுவதும் தண்டம் கட்டியதை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அது ஒரு பக்கம் மட்டும் நடப்பது. இங்கே அவர் இடது வலது குழப்பிக்கொண்டதற்கு, நிலபுலத்தோடு வந்த ஒரு கவுண்டர் வீட்டுப் பையனும் தவளையாகத் தாவினான். இரவு அவன் இவரைத் திட்டினான். மறுநாள் அவனே மண்ணில் அம்புக்குறி கிழித்து இடது வலது சொல்லிக்கொடுத்தான். வேறு வழியில்லை, இவர் கற்றால்தான் அவன் முழங்கால் பிழைக்கும்.

ஃபூக்கோ 1975 இல் எழுதிய சிறைச்சாலையின் வரலாற்றில், பணிந்த உடல்களைப் பற்றிய அத்தியாயத்தை ஒரு சிப்பாயின் உருவத்தோடுதான் தொடங்குகிறார். களிமண்ணைப் பிசைவதுபோல உடலைப் பிசைந்து சிப்பாயைச் செய்ய முடியும் என்று பதினெட்டாம் நூற்றாண்டு கண்டுகொண்டது என்பது அவர் வாதம். நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இது பழகிய செய்தி. எனக்கும் பெரியவரின் கதையைக் கேட்கத் தொடங்கியபோது அந்த அத்தியாயமே மனத்தில் ஓடியது. ஆனால் ஃபூக்கோ பேசும் உடல், பாசறைக்கு வருமுன் ஏதோ சுதந்திரமாக இருந்த உடல். துண்டை இடுப்பில் கட்டி, குனிந்து, ஒதுங்கி, தெருவின் ஓரத்தில், வெறுங்காலில் நடக்கும்படி பிறப்பிலிருந்தே பயிற்றப்பட்ட உடலுக்கு, நெஞ்சை நிமிர்த்து, நேரே பார், கையை வீசு என்று ஒருவன் காதருகில் நின்று கத்தும்போது நடப்பது என்ன? அது இன்னொரு அடிமைத்தனம் என்று சொல்வது எளிது, முற்றிலும் தவறும் அன்று. ஆனால் அவர் அதை அப்படி நினைவு வைத்திருக்கவில்லை. “நிமிர்ந்து நட, நிமிர்ந்து நடன்னு என்ன அடிச்சவன் அவன் ஒருத்தந்தான். மத்தவங்கல்லாம் நிமிர்ந்ததுக்கு அடிச்சவங்க.”

வேலூரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1805 இன் இறுதியில் சென்னைத் தளபதி கிரடாக்கின் புதிய உடை விதிகள் வந்தன. நெற்றியில் சாதி, சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்றன அவை. 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் வேலூர்க் கோட்டையில் வெடித்தது. கலகம் அன்றே கொடூரமாக அடக்கப்பட்டாலும் கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் பதவியிழந்து திரும்பினார்கள். கோட்டைக்குள் இருந்த திப்புவின் பிள்ளைகள், சம்பளக் குறை எனக் காரணங்கள் வேறும் உண்டு. ஆனால் குறிகளை அழிப்பது தம்மை அழிப்பது என்று சிப்பாய்கள் கருதியது உண்மை. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பெருமைக்குரிய கிளர்ச்சி அது. நான் அந்தப் பெருமையைக் குறைக்க வரவில்லை. அன்னிய அரசின் ஆணையும் சொந்தக் குடியரசின் ஆணையும் ஒன்றாகா என்பதும் தெரியும். ஆனால் நூற்றைம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே படையின் வழித்தோன்றலில் சேர்ந்த இந்தப் பையனுக்குக் குறிகள் அழிந்தது இழப்பாகப் படவில்லை. அழிப்பதற்கு விருப்பமான குறி ஒன்றும் அவனிடம் இருக்கவில்லை. மழிக்கப்பட்ட தலையோடு கண்ணாடியில் பார்த்தபோது, “எல்லாரும் ஒரே மூஞ்சியா இருந்தோம், எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு” என்றார்.

ரெஜிமெண்டின் முழக்கம் தமிழ் தெரிந்த எவருக்கும் புரியும்: வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு. அதன் குறிக்கோள் வாசகமோ சமஸ்கிருதம். தன் தருமத்தைச் செய்து சாவதே மேல் என்று பொருள்படும், கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்த தொடர். மூலத்தில் அதன் மறுபாதி, பிறர் தருமத்தை மேற்கொள்வது அஞ்சத்தக்கது என்று போகிறது. பிறவியில் விதித்த தொழிலை விட்டு ஓடி வந்தவன் தோளில் அந்த வாசகத்தை அணிந்திருந்தான். இதை அவரிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, “எங்களுக்கு டியூட்டின்னுதான் சொல்லிக்குடுத்தாங்க” என்று முடித்துவிட்டார். மொழிபெயர்ப்பு சில சமயம் மூலத்தைவிட நியாயமாக இருந்துவிடுகிறது.

1965 ஜனவரி. அவர் பயிற்சியின் எட்டாம் மாதத்தில் இருந்தார். கீழே சமவெளியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. குடியரசு நாளைத் துக்கநாளாக அறிவித்திருந்தது தி.மு.க.; 25 ஆம் தேதி மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்து மாநிலம் முழுக்கப் பரவியது. தீக்குளிப்புகள், துப்பாக்கிச் சூடுகள். பிப்ரவரியில் பொள்ளாச்சிக்கு இராணுவமே வந்தது. அந்த வாரங்களில் வெலிங்டனில் அவருடைய பிளாட்டூன் மாலை வகுப்பில் உட்கார்ந்து இந்தி படித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புச் சான்றிதழ் தேறாமல் பயிற்சி முடியாது. இராணுவத்தின் இந்தி ரோமன் எழுத்தில் எழுதப்படுவது. தேவநாகரியை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. செய்தித்தாள் வந்தது; யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. பிளாட்டூனில் இருந்த ஒரு பையனின் தம்பி கல்லூரி மாணவன், கைதாகியிருந்தான். அவன் இரவில் கம்பளிக்குள் அழுதான். காலையில் இந்தியில் ஆணை வந்ததும் மற்றவர்களோடு திரும்பினான்.

ஏப்ரலில் கசம் பரேட். கொடியின் முன்னும் மறைநூல்களின் முன்னும் நிலம், கடல், வானம் எங்கு அனுப்பினாலும் போவேன் என்று உறுதிமொழி. அடுத்த நாள் விடுமுறை வாரண்டோடு ரயில். வழியில் ஸ்டேஷன்களின் பெயர்ப் பலகைகளில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மாணவன் ஒருவன், உடுப்பைப் பார்த்துவிட்டு, “அழிச்சிருக்கோமே, உங்களுக்கு ஸ்டேஷன் தெரியுமா?” என்று கேலியாகக் கேட்டானாம். “அழிக்கலன்னாலும் அந்த எழுத்து எனக்குத் தெரியாது தம்பி. நான் தமிழத்தான் படிச்சு எறங்கணும்” என்று இவர் பதில் சொன்னார். அந்த மாணவன் பிறகு பேசவில்லை. இரண்டு பேருக்கும் அன்று ஏறக்குறைய ஒரே வயது. மொழிப்போரின் வரலாற்றில் இந்த இரண்டாமவனுக்கு ஒரு வரி ஒதுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தி அவனுக்குக் கொள்கையாக வரவில்லை, சோற்றோடு வந்தது.

இனி எழுத வேண்டியது எனக்கு எளிதன்று.

திருக்கோவிலூரில் இறங்கிப் பஸ் பிடித்து ஊருக்கு வந்தபோது மாலை. உடுப்பு, பெரட் தொப்பி, பூட்ஸ், தோளில் டிரங்குப் பெட்டி. காலனிக்குப் போக இரண்டு வழி. ஒன்று ஏரிக்கரையைச் சுற்றி. மற்றது ஊர்த்தெருவின் நடுவே. ஊர்த்தெருவில் காலனிக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவது வழக்கம். பத்து மாதமாக அவர் கழற்றாத பூட்ஸ். எந்த வழியில் போவது என்று பஸ் நின்ற புளியமரத்தடியில் யோசித்தாரா என்று கேட்டேன். “யோசிக்கல. தேஸ் சல் அப்பிடின்னு எனக்குள்ளயே ஒரு சத்தம் வந்துது. நடந்துட்டேன்” என்றார். ஆணி அடித்த பூட்ஸ் தெருவில் எழுப்பிய ஓசையைக் கேட்டு ஆட்கள் திண்ணைகளிலிருந்து எழுந்தார்கள். மரியாதையாக எழுந்தார்களா, அடிக்க எழுந்தார்களா என்பது அவர்களுக்கே முதலில் புரியவில்லை என்று நினைக்கிறேன். அரசாங்க உடுப்பு. யாரும் கை வைக்கவில்லை.

தெருக்கோடியில் டீக்கடை. அங்கே நின்று டீ கேட்டார். கூரையில் செருகியிருந்த கொட்டாங்கச்சியை எடுக்கக் கை போயிற்று, உடுப்பைப் பார்த்துத் தயங்கிற்று. கடைசியில் கண்ணாடி கிளாசில்தான் டீ வந்தது. குடித்துக் காசை வைத்துவிட்டு நடந்தார். சில எட்டுகள் போனதும் பின்னால் கிளாஸ் உடையும் ஓசை கேட்டது. கை தவறி விழுந்த ஓசை அன்று. திரும்பிப் பார்க்கவில்லை. அணிநடையில் திரும்பிப் பார்க்கக் கூடாது.

அந்தக் கடையை வைத்திருந்தவர் என் தாத்தாவின் தம்பி. பெரியவருக்கு அது முதல் நாளே தெரியும். இந்தக் கதையை ஆறாவது சந்திப்பில்தான் சொன்னார். சொல்லும்போது கடைக்காரர் என்று மட்டுமே குறிப்பிட்டார். சின்னத் தாத்தா இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. எங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தவர், எறும்பை மிதிக்காதவர் என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை. நான் மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினேன். பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தி, “கிளாசு வெல நாலணா இருக்கும் அப்ப. அவருக்கும் நஷ்டந்தான்” என்றார்.

மறுநாள் அவர் தகப்பனார் வேலை செய்த நிலக்காரர், பையனைக் கண்டிக்கச் சொல்லி ஆளனுப்பினார். தகப்பனார் மகனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். விடுமுறையில் எஞ்சிய நாள்களில் அவர் ஏரிக்கரை வழியாகத்தான் போனார், பூட்ஸ் போட்டுக்கொண்டு. வெற்றியா தோல்வியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பின் மாதம் ஒருமுறை முப்பது ரூபாய் மணியார்டர் வந்தது. தபால்காரர் அதைக் கொடுக்கக் காலனிக்குள் வந்தாக வேண்டும். வாசலில் நின்று கூப்பிட்டு, கைநாட்டு வாங்கி, சில்லறை எண்ணிக் கொடுத்தாக வேண்டும். அவர் தாயார் அந்தப் பணத்தைவிட, தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைத்தான் எதிர்பார்த்திருப்பாராம்.

போரைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. 1965 செப்டம்பரில் அவருடைய பிரிவு கிழக்கே இருந்தது. 1971 டிசம்பரில் ஷகர்கட் பகுதியில் இருந்தார். பஸந்தர் ஆற்றைக் கடந்த அந்த இரவைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. 16 மெட்ராஸும் 3 கிரெனேடியர்ஸும் அக்கரையில் கால் ஊன்றின. பின்னால் டாங்கிகள் வர மெட்ராஸ் சேப்பர்ஸ் கண்ணிவெடிகளை அகற்றி வழி திறந்தார்கள். மறுநாள் அருண் கேத்தர்பால் என்ற இருபத்தோரு வயது டாங்கி அதிகாரி இறந்து பரம்வீர் சக்கரம் பெற்றார். பெரியவரிடம் கேட்டபோது, “ஆறு சின்னது. நம்ம பெண்ணை மாதிரி இல்ல. பனி. பக்கத்துல இருந்த பையன் தண்ணி கேட்டான்” என்று மூன்று வாக்கியம் சொன்னார். நான்காவது வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

1981 இல் நாயக்காக ஓய்வு பெற்றுத் திரும்பினார். முப்பத்தாறு வயது. பாசறையில் ஒன்பது மாதத்தில் ஒருவனைச் சிப்பாயாக்கத் திட்டம் இருக்கிறது. சிப்பாயை மறுபடி ஊர்க்காரனாக்க எந்தப் பயிற்சி மையமும் இல்லை. ஒரு ரயில் டிக்கெட், ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், அவ்வளவுதான். முதல் ஆண்டு விடியற்காலையில் எழுந்து யாருக்காகவோ கம்பளியை மடித்து நாற்கோணமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாராம். அவர் மனைவிக்கு அது பயமாக இருந்தது. சாப்பாட்டை நான்கு நிமிடத்தில் முடிப்பார். கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால் கோபம் வரும். சேர்ந்தாற்போல் யாரும் இல்லாத இடத்தில் தூங்க முடியாது. முப்பது பேரின் மூச்சுச் சத்தம் பழகிவிட்டது.

முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அப்போது கடலூரில். 1993 இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்ததும் அங்கே, 2019 இல் கள்ளக்குறிச்சி பிரிந்ததும் இங்கே என்று அலுவலகங்கள் அவரை நோக்கி மெல்ல நகர்ந்து வந்திருக்கின்றன. நிலத்துக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. ஒரு வங்கியில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு பதினெட்டு ஆண்டு வாசலில் நின்றார். அங்கே வருகிறவர்கள் அவரைக் கதவின் ஒரு பகுதியாகவே பார்த்தார்கள் என்பார். கேண்டீன் ரம்முக்காக மட்டும் ஊர்த்தெருக்காரர்கள் காலனிக்குத் தேடி வந்தார்கள். அதைச் சொல்லும்போது அவருக்கு நல்ல சிரிப்பு. அவர் குடிப்பதில்லை. 2015 இல் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்று அறிவிப்பு வந்தபோது நிலுவைத் தொகையில் வீட்டுக்கு ஒரு கான்கிரீட் அறை சேர்த்தார்.

ஓய்வுக்குப் பின் பையன்களுக்கு அவர் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். போலீஸ், இராணுவத் தேர்வுக்குப் போகிறவர்கள். அப்போது ஆற்றில் மணல் இருந்தது. மணலில் ஓடிப் பழகியவன் தரையில் பறப்பான் என்பது அவர் சூத்திரம். இப்போது ஓடுவதற்கு மணல் இல்லை. பாறையும் களிமண்ணும் முள்ளுமாகக் கிடக்கிறது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, பந்தல் போட இடம் தேட வேண்டியிருக்கிறது. ஊர்த்தெருப் பையன்களும் அவரிடம் வருகிறார்கள், உஸ்தாத் என்று கூப்பிடுகிறார்கள். அவர்களும் ஒருவன் பிசகினால் ஒன்பது பேரும் தவளையாகத் தாவுகிறார்கள். 2022 இல் அக்னிபத் வந்த பிறகு கூட்டம் குறைந்தது. நான்கு ஆண்டு, அதன் பின் கால்வாசிப் பேருக்கு வரைதான் தொடர்ச்சி, மற்றவர்களுக்கு ஒரு தொகை, ஓய்வூதியம் கிடையாது. “நாலு வருசத்துல பூட்சு பழகும். அப்பறம் கழட்டச் சொன்னா எப்பிடி?” என்று கேட்டார். எனக்கு அந்தத் திட்டத்தின் நிறைகுறைகளைப் பேசும் அறிவு இல்லை. ஆனால் பத்து மாதம் பழகிய பூட்ஸைப் புளியமரத்தடியில் கழற்றாத ஒருவரின் கேள்வி அது.

2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தாழ்வான இடங்களில் எல்லாம் ஆறு நுழைந்தது. அவர் வீட்டில் இடுப்பளவு. கான்கிரீட் அறையின் மேல் குடும்பத்தை ஏற்றிவிட்டு, டிரங்குப் பெட்டியை எடுக்க மறுபடி இறங்கியிருக்கிறார். பெட்டி மிதந்துகொண்டிருந்தது. மூடியில் வெள்ளை எழுத்தில் இருந்த பெயரும் எண்ணும் அழியவில்லை. வெலிங்டனில் ஒரு பெயிண்டர் நாலணா வாங்கிக்கொண்டு எழுதியது. உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம் நனைந்து ஒரு கட்டியாகிவிட்டது. பதக்கங்களின் ரிப்பன் சாயம் போயிற்று. பூட்ஸ் ஒரு ஜோடி, கடைசியாக வழங்கப்பட்டது, தண்ணீர் குடித்து ஊறிக் கிடந்தது. அவற்றைக் கூரையில் காயவைத்தார்.

அடுத்த நவம்பரில் ஆயுள் சான்றுக்கு அவரோடு நானும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் நிரூபித்தால்தான் ஓய்வூதியம். கருவியில் கட்டைவிரலை வைத்தார். ஏற்கவில்லை. துடைத்து வைத்தார். ஏற்கவில்லை. ரேகை தேய்ந்துவிட்டது என்றாள் அந்தப் பெண். பத்து விரலும் பார்த்தாகிவிட்டது. வேறு ஏதாவது அடையாளம் இருக்கிறதா தாத்தா என்று கேட்டாள். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். குதிகால்கள் சேர்ந்தன. தன் எண்ணையும் பதவியையும் பெயரையும் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்குமளவு சத்தமாக, இந்தியில்.

அந்தப் பெண்ணுக்கு இந்தி தெரியாது. “எழுதிக் குடுங்க தாத்தா” என்று ஒரு தாளை நீட்டினாள். வாங்கித் தமிழில் எழுதினார். பிறகு கண்ணைப் படமெடுக்கும் கருவி பக்கத்துக் கடையில் இருப்பதாகச் சொல்லி எங்களை அங்கே அனுப்பினாள்.